பந்தயக் குதிரையை டிரெஸாஜுக்குத் தேர்ந்தெடுத்த அனுபவம்

கோலாலம்பூரில் டிரெஸாஜுக்கு (குறித்த அசைவுகளைக் குதிரை சீராகச் செய்து காட்டும் சவாரிக் கலை) குதிரை தேடினால், முதலில் கண்ணில் படுவது பந்தயத்தை விட்டு வந்த தரோபிரெட்தான் (பந்தயத்துக்கென வளர்க்கும் இனம்). ஐரோப்பாவிலிருந்து வார்ம்பிளட் (சவாரி விளையாட்டுகளுக்கென வளர்க்கும் இனம்) வரவழைப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அண்ணன் மகளுக்காக அப்படி ஒன்றைப் பார்க்கப் போனேன். சுங்கை பீசி பந்தயத் திடலில் வெகுகாலம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை செய்த மாமா ஒருவரும் கூட வந்தார்.

விற்பவர் உடனே ஓட்டிக் காட்டக் கிளம்பினார். "ஓட்டம் அப்புறம் தம்பி. முதல்ல சமதரையில நிறுத்துங்க" என்றார் மாமா. முன்னங்கால் மேட்டில் இருந்தால் எந்தக் குதிரையும் முன்பக்கம் உயர்ந்த மாதிரி தெரியும்.

டிரெஸாஜில் குதிரை தன் எடையைப் பின்காலுக்கு மாற்ற வேண்டும். பல தரோபிரெட்களுக்குப் பின்புறம் தோள்மேட்டைவிட (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) உயர்ந்திருக்கும். வேகத்துக்கு அது தடையில்லை, டிரெஸாஜுக்குத் தடை. இந்தக் குதிரைக்கு இரண்டும் சம உயரம்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். பிடிகயிற்றின் நுனியைப் பின்புட்ட எலும்பில் வைத்து நேராகத் தொங்கவிட்டார். கயிறு பின்கால் மூட்டின் பின்விளிம்பைத் தொட்டு, அப்படியே காலின் பின்பக்கமாகவே இறங்கியது. கால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் தள்ளி இருந்தால் வயிற்றுக்கு அடியில் கொண்டுவரக் குதிரை சிரமப்படும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இடைவெளி குறைவு, அதனால் இடுப்பு வலுவானது.

கழுத்தின் அடிப்பக்கம் புடைத்திருந்ததைப் பார்த்து எனக்கு மனம் ஒப்பவில்லை. "அது சதைதான். சரியா வேலை கொடுத்தா மாறிடும். எலும்பு மாறாது" என்றார். குதிரை பார்க்கப் போகும் எல்லாரும் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்பேன். நடையும் அப்படித்தான். ட்ராட்டை (துள்ளு நடை) பயிற்சியால் நிறையத் தேற்றலாம். வாக்கும் (சாதாரண நடை) கேண்டரும் (மித ஓட்டம்) பெரும்பாலும் பிறவியோடு வருபவை. மணலில் நடக்க விட்டோம். பின்குளம்பு, முன்குளம்பின் தடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னே விழுந்தது. சிமெண்டுத் தரையில் நான்கு குளம்பின் தட்டும் ஒரே சீராகக் கேட்டது. இரண்டும் நல்ல நடைக்கு அடையாளம்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்ற பிறகே வாங்கினோம். இப்போது 20க்கு 40 மீட்டர் களத்தில் நிதானமாகப் பழகி வருகிறது.

பினாங்கிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, மாமா சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் பத்து காந்தோங் பகுதியில் குளிர்நாட்டிலிருந்து வந்த ஒரு குதிரையைப் பார்த்தேன். சாய்ந்த தோள், உயரத்தில் அமைந்த கழுத்து, அளந்து செய்த மாதிரி உடம்பு. ஆனால் வேர்க்கவில்லை. நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்வை நின்றே போகும். உடல் சூடு இறங்காது, வேலை வாங்கவே முடியாது. காலை ஏழு மணிக்குக் காட்டினால் இது தெரியாது. வெயில் ஏறிய பிறகு போங்கள், கொஞ்ச நேரம் வேலை கொடுக்கச் சொல்லுங்கள். கழுத்தும் விலாவும் நனைந்திருக்கிறதா, மூச்சு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று நின்று பாருங்கள். தோல் காய்ந்திருந்து மூக்குத்துளை மட்டும் விரிந்து இரைத்தால், உடல்வாகு எப்படி இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.