செட்டிநாட்டு ஓவியர்களைச் சந்தித்த அனுபவம்

காரைக்குடிப் பக்கத்து ஓவியர் ஒருவரை அறிமுகப்படுத்தினால், வளவு வீட்டையும் (நடுவே திறந்த முற்றமான வளவைச் சுற்றிக் கட்டிய வீடு) பர்மா தேக்குத் தூண்களையும் அவர் வரைந்திருக்கிறாரா என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. வீடுகளை வரைபவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. பராமரிப்பின்றிச் சரிந்துவரும் வீடுகள் அவர்களுடைய தாள்களிலாவது நிற்கின்றன. ஆனாலும் ஓவியரை அறிய, என்ன வரைந்தார் என்பதோடு எப்படிச் செய்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

தேவகோட்டையில் 1957இல் பிறந்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்ற அச்சுக்கலை ஓவியர் ஆர்.எம்.பழனியப்பனின் அச்சுப் படைப்புகளைச் சென்னைக் கண்காட்சி ஒன்றில் பார்த்தபோது, உடன் வந்த உறவினர் ஒருவர், "இதுல நம்ம ஊரு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். பறத்தலும் எண்களும் வெற்றுவெளியில் நகரும் கோடும் பழனியப்பனின் அக்கறைகள். ஊரை அடையாளம் காட்டுவது அந்தப் படைப்புகளின் வேலை அன்று. ஒரு கோடு எங்கே தொடங்கி எப்படித் திரும்புகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பார்க்கும்படி மட்டுமே நான் உறவினரிடம் சொன்னேன். அவர் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

அச்சுக்கலையின் உழைப்பு எனக்குப் புரிந்தது, பிறகு காரைக்குடியில் ஓர் இளைஞரைச் சந்தித்தபோதுதான். பாட்டனார் வீட்டின் இரண்டாங்கட்டில் (முன்பகுதிக்கு அடுத்த உட்பகுதியில்) அவர் பட்டறை வைத்திருக்கிறார். துத்தநாகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கிறது. அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பை முதலில் துணியாலும் கடைசியில் வெறும் உள்ளங்கையாலும் துடைத்தார். கை சற்று அழுந்தினாலும் மெல்லிய கோடுகள் வெளிறிவிடுமாம். பிறகு ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் கொடுத்தார். அச்சில் இடவலம் மாறும் என்பதால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி எண்ணியே வரைய வேண்டியிருக்கிறது. நாற்புறக் கூரையிலிருந்தும் வளவுக்குள் இறங்கும் மழைநீர்தான் அவருடைய பொருள். படத்தில் தூணும் இல்லை, கதவும் இல்லை.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் ஒரு தளக்கல் பட்டறையில் சந்தித்த பெண் ஓவியர், தாமே அமைத்த வடிவங்களை அங்குள்ள தொழிலாளியைக் கொண்டு வார்க்கிறார். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் வைத்த வடிவ அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்ட் குழம்பை அந்தத் தொழிலாளி ஊற்றிய நிதானத்தைச் சொல்லி மாளாது. அச்சை எடுத்ததும் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே காரையை இட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது, உலர்ந்தபின் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவதுதான். கண்ணாடியைத் தொட்டிருக்கும் பக்கமே முகம் என்பதால், கண்ணாடி கழன்ற பிறகுதான் தம் படைப்பை ஓவியரே முழுமையாகக் காண்கிறார். "வரஞ்சது நான், வார்த்தது அண்ணன்" என்று சொன்ன அவர், காட்சிக்கு வைக்கும்போது தொழிலாளியின் பெயரையும் தம் பெயருக்குச் சமமாக எழுதுகிறார். கூலி கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று எண்ணாத இந்த வழக்கம் எல்லாக் கண்காட்சிகளுக்கும் பரவ வேண்டும் என்று விரும்புகிறேன்.

பனையோலைக் கொட்டான் (கூடை) முடைபவர்களோடும் கண்டாங்கிச் சேலை நெசவாளர்களோடும் சேர்ந்து பணியாற்றும் ஓவியர்களை அறிந்தவர்கள், விருதுப் பட்டியலை விட்டுவிட்டு, அவர்கள் கையாளும் பொருளையும் உடன் உழைப்பவர்களையும் பற்றி எழுதினால் மகிழ்வேன்.