கணினிப் பரிணாமம்: ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அடுத்த வாரக் கண்காட்சிக்காகக் கணினி வளர்ச்சியை உயிரினப் பரிணாமத்தோடு ஒப்பிட்டு விளக்குகிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

மிச்ச உறுப்புகள் (பயன் போன பின்னும் எஞ்சி நிற்பவை) வரை தொல்லையில்லை. விண்டோஸ் கணினியில் ஏ, பி எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்குப் (ஃபிளாப்பி) போனதால் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) சி ஆனது. நெகிழ்வட்டு ஒழிந்தும் சி நிற்கிறது. பறக்க உதவாத டோடோச் சிறகைக் காட்டியதும் (நம் ஊர்ப் பறவையாயிற்றே!) பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் கைப்பேசிகளில் கோலோச்சிய ஆர்ம் (ARM) வகைச் செயலிச் சில்லு 2020-இல் ஆப்பிள் மடிக்கணினிக்குத் தாவியதே, உயிரினங்களில் அப்படி ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவுவது உண்டா என்கிறார்கள். பாக்டீரியாக்களிடையே மருந்தெதிர்ப்பு மரபணு பரவுவதைச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாதது எடுபடவில்லை. கலப்பினக் கரும்பு என்றேன். அது தாய் தந்தை வழி வந்ததுதானே என்று ஒரு சிறுமி மடக்கிவிட்டாள். அவள் சொல்வது சரிதான்.

வேற்றினத்து மரபணுவை இயற்கையாகவே பெற்ற, கண்ணால் காணக்கூடிய செடியோ பூச்சியோ எது?