குளத்தைத் தோண்டி மூன்று மாரிதான் கழிந்தது, மறுபடியும் மண் ஏறிவிட்டது: மேட்டுநிலத்தை என்ன செய்வது?

குளத்தடி வயல் (பன்குளத்துக்கு அப்பால், திருகோணமலை மாவட்டம்)
செப்டெம்பர் 4

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தின் கீழ் ஏறக்குறைய 60 ஏக்கர் வயல் இருக்கிறது. பெரும்போகத்தில் முழுவதும் விதைப்போம். சிறுபோகத்தில் அதில் மூன்றிலொரு பங்குக்குத் தண்ணீர் கிடைத்தாலே அதை நல்ல ஆண்டு என்போம். நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கவனிப்பாரின்றித் தூர்ந்துபோன இந்தக் குளத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் டோசர் விட்டு ஆழப்படுத்தினார்கள். இந்த ஆவணியில் நீர் வற்றியதும் நான் இறங்கிப் பார்த்தேன். துருசின் (வயலுக்கு நீர் திறக்கும் மதகின்) அடிப்படி கண்ணில் படவில்லை. கையால் கிளறியபோது முழங்கை புதையும் அளவுக்குச் சிவந்த வண்டல் வந்தது. குளத்தின் பழைய அடிமண் கரும்சாம்பல் நிறமானது என்பதால், இது வேறெங்கிருந்தோ வந்த மண் என்பது எவருக்கும் விளங்கும்.

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பாகக் கமக்கார அமைப்பினர் கூடிப் பேசினோம். ஒரு சாரார் மறுபடியும் டோசர் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். மற்றச் சாரார், தோண்டுவதற்குப் பதிலாக வானை (குளம் நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் கட்டை) ஓர் அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். வயதான ஒரு பெரியவர் மட்டும், குளத்துக்கு மேலேயுள்ள காட்டை வெட்டிச் சோளமும் கச்சானும் (நிலக்கடலையும்) போடத் தொடங்கிய பின்னர்தான் மண் வருகிறது என்று சொன்னார். மேட்டுநிலம் செய்பவர்களும் எங்கள் ஊரவர்களே, அதுவும் வயலில்லாத குடும்பங்கள் என்பதால் அந்தப் பேச்சை எவரும் தொடரவில்லை. நான் அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். கூட்டத்தில் எதை முன்வைப்பது என்று அறிந்தவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
செப்டெம்பர் 5

தம்பி, உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னதே சரியென நான் நினைக்கிறேன். ஆனால் அதை ஊரார் முன்னிலையில் எவர் மனமும் நோகாதபடி நிறுவ வேண்டும். அதற்கு ஒரு வழி பின்னர் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து மேட்டுநிலம் பெரும்பாலும் செங்கபில மண். காய்ந்தால் கல்லாக இறுகுவதும், நனைந்தால் காலில் அப்பிக்கொள்வதும் அதன் இயல்பு. வெறும் நிலத்தில் பெருந்துளி மழை விழும்போது மேற்பரப்பின் மண்கட்டிகள் உடைந்து, அந்த நுண்துகள் துவாரங்களை அடைத்து, மெழுகிய தரைபோல் ஒரு படலம் உண்டாகிறது. அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்காமல் பாயாக விரிந்து ஓடுகிறது. 25 மில்லிமீற்றர் மழை என்பது நமக்கு ஒரு சாதாரண ஐப்பசி இடிமழை. அது ஓர் ஏக்கரில் கொட்டும் நீர் சுமார் ஒரு இலட்சம் லீற்றர். அதில் பாதி ஓடினாலும் எவ்வளவு மண்ணைச் சுமந்து செல்லும் என்று எண்ணிப் பாருங்கள். மேல்மண்ணில் 1 மில்லிமீற்றர் கழிந்துபோவதை எந்தக் கமக்காரரும் கண்ணால் காணமாட்டார். ஆனால் ஓர் ஏக்கரில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கியூப் மண் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). பத்து ஏக்கர் மேட்டுநிலமென்றால் ஒரு மாரியில் பதினைந்து கியூப், அதுவும் எருவும் உரமும் சேர்ந்த மிக நல்ல மண். நமது மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலான நான்கு மாதங்களுக்குள் பெய்துவிடுகிறது. அந்த மாரியின் தொடக்கத்தில்தான் மேட்டுநிலம் புதிதாக உழப்பட்டு ஒரு பச்சையும் இல்லாமல் கிடக்கிறது. உழவு இயந்திரக்காரர் திரும்புவதற்கு வசதியாகச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக உழுதிருந்தால், ஒவ்வொரு சாலும் குளத்துக்கு வெட்டிய வாய்க்காலாகவே வேலை செய்யும்.

இப்போது அந்தச் சோதனை. முதற் பெருமழை அன்று, குளத்துக்குள் நீர் வந்து விழும் ஓடைகள் ஒவ்வொன்றிலும் ஒரே அளவான வெறும் தண்ணீர்ப் போத்தலில் நீர் பிடியுங்கள். போத்தலில் ஓடையின் பெயரை எழுதி, அசைக்காமல் ஓரிரு நாட்கள் வைத்துவிட்டு, அடியில் படிந்ததை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காடு வழியாக வரும் ஓடை ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போத்தல்களைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தால் போதும், எவரையும் குற்றஞ்சாட்ட வேண்டியிராது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் தோண்டிய மண்ணை எங்கே போட்டார்கள்?

குளத்தடி வயல்
செப்டெம்பர் 5

ஐயா, அந்த ஒப்பந்தகாரர் தோண்டிய மண்ணைக் குளத்தின் மேல்கரை நெடுகக் குவித்துவிட்டுப் போய்விட்டார். டிப்பரில் ஏற்றி வெளியே கொண்டுபோவதற்குக் கணக்கில் பணம் ஒதுக்கப்படவில்லை என்று பின்னர் சொன்னார்கள். அந்தக் குவியல்கள் இப்போது அரைவாசியாகக் கரைந்துவிட்டன.

தம்பலகாமத்து வயற்காரன்
செப்டெம்பர் 7

கரைந்த அரைவாசி எங்கே போனதென்று கேட்கவே தேவையில்லை. வானை உயர்த்துவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் எனது மைத்துனரின் ஊரில் அதைச் செய்து பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வானை ஓர் அடி உயர்த்தினால் குளம் ஆழமாவதில்லை, அகலமாகிறது. புதிதாக நிற்கும் நீர் மேல்கரையோரத்துத் தட்டையான நிலத்தில் முழங்காலளவுக்குப் பரந்து நிற்கும். கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றராவது ஆவியாகும். 30 ஏக்கர் நீர்ப்பரப்பு என்றால் அது ஒரு நாளில் ஆறு இலட்சம் லீற்றர். பரப்பைக் கூட்டக் கூட்ட அந்த இழப்பும் கூடும். அத்துடன் மேல்கரையில் நிற்கும் மருதும் நாவலும் ஆண்டில் சில வாரங்கள் நீரில் நின்று பழகியவை. மாதக்கணக்கில் வேர் மூழ்கினால் பட்டுவிடும். அந்த மரவரிசையும் அதற்கு மேலுள்ள புல்வெளியும்தான் வரும் மண்ணைத் தடுத்து, குளத்தின்மேல் காற்று வேகமாக அடிக்காமலும் காத்தவை. மைத்துனரின் ஊரில் மரங்கள் பட்ட மறு மாரியிலேயே மண் இரட்டிப்பாக வந்தது. குளக்கட்டும் பழைய வான் மட்டத்துக்கென்று கட்டப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் மாண்டதைக் கண்ட தலைமுறை நாங்கள். பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்காமல் கட்டிலோ வானிலோ எவரும் கைவைக்கக் கூடாது. கட்டின் மேல் வளர்ந்திருக்கும் மரங்களையும் அவரிடம் காட்டுங்கள், வேர் உக்கினால் அதன் வழியே நீர் கசியத் தொடங்கும்.

மறுபடியும் தோண்டுவதானால், துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதைக் கூட்டத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். மாட்டுக்கும் ஊர்க் கிணற்று ஊற்றுக்கும் அது உதவும், நெல்லுக்கு உதவாது. அளவுக்கு மிஞ்சி ஆழமாக்கினால் அடியிலுள்ள களிப்படை கிழிந்து நீர் உள்ளே இறங்கிப்போகவும் கூடும்.

கட்டுக்கும் வயலுக்கும் இடையே பற்றைக்காடாகக் கிடந்த தாழ்நிலம் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா? சிங்களக் கிராமங்களில் அதைக் கட்டகாடுவ என்பார்கள். கட்டினூடாகக் கசிந்து வரும் உப்புநீரை அந்தப் பற்றை உறிஞ்சி, வயலுக்குப் போகாமல் தடுக்கும். எங்கள் பகுதியில் சிலர் அதையும் வெட்டி வயலாக்கினார்கள். இப்போது அந்த முதல் இரண்டு வயல்களில் வெயிற்காலத்தில் வெள்ளை பூக்கிறது, நெல் கதிர்விடாமல் மஞ்சளித்து நிற்கிறது. இந்த மேல்மரம், புல், கீழ்ப்பற்றை, ஒன்றன்கீழ் ஒன்றான சிறு குளங்கள் எல்லாம் சேர்ந்த அடுக்குக் குள முறைமையைத்தான் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மேட்டுநிலத்துப் பெண் (தென்னமரவாடி)
செப்டெம்பர் 9

நான் மேட்டுநிலம் செய்பவள். ஆகவே மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். குளத்துக்கு மண் வருவதால் வயற்காரருக்கு வரும் நட்டத்தை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மண் போன நிலத்தில் நட்டம் யாருக்கு? எனது இரண்டு ஏக்கரின் மேற்பக்கத்தில் நான்காம் ஆண்டிலேயே சரளைக்கல் வெளியே தெரிந்தது. கச்சானின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும்; அந்தச் சரளையில் விழுது இறங்காமல் பொக்குக் காயாகப் போனது. இனியும் காடு வெட்டப் புதிய இடமும் இல்லை. எனவே எனக்காகவே நான் இதைச் செய்தேன், எவருடைய குளத்துக்காகவும் செய்யவில்லை.

மேசன்மார் சுவரின் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் நீர் நிரப்பி, இரண்டு தடிகளில் அதன் இரு முனைகளையும் கட்டி, ஒரு முனையை நானும் மறு முனையை எனது மகனும் பிடித்துக்கொண்டு நிலத்தின் குறுக்கே நடந்தோம். இரண்டு முனையிலும் நீர் ஒரே குறியில் நிற்கும் இடங்களில் முளைக்குச்சி அடித்தோம். நேர்கோடாக வருமென்று நினைத்தேன், பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து வந்தது. அந்த வளைவின்படியே ஒரு முழ உயர வரம்பு போட்டு, வரம்பின் மேற்பக்கத்தில் ஆழமற்ற கான் வெட்டி, வரம்பின்மேல் முதல் மழையோடு வெட்டிவேரை ஒரு சாண் இடைவெளியில் நட்டேன். சரிவில் ஒரு மீற்றர் இறங்கும் இடத்துக்கு ஒரு வரம்பு என்பது எனது கணக்கு. எங்கள் நிலம் நூற்றுக்கு மூன்று சரிவு என்பதால் ஏறக்குறைய 33 மீற்றருக்கு ஒன்று வந்தது, ஆகவே நான் இழந்த நிலம் மிகக் குறைவு. எல்லையில் கிளிரிசிடியாத் தடிகளை நட்டு, அதன் இலையை வெட்டிச் சாலுக்கிடையே மூடாக்காகப் போடுகிறேன். உழவு இயந்திரக்காரரிடம் குறுக்கே உழச் சொன்னபோது, அடிக்கடி திருப்ப வேண்டுமென்று கூடுதல் கூலி கேட்டார். கொடுத்தேன். இரண்டாம் மாரியில் வரம்பின் மேற்பக்கத்தில் அரைச் சாண் உயரத்துக்கு மண் தங்கிவிட்டது. அந்த வரிசையில் நிற்கும் சோளம் மற்றதைவிட இப்போது ஒரு கைப்பிடி உயரம்.

கடினமானது எது என்றால் மாடுதான். கச்சான் பிடுங்கி, கொடியையும் தீவனத்துக்கு எடுத்தபின் நிலம் வெறுமையாகக் கிடக்க, பட்டிமாடுகள் வந்து மிஞ்சிய புல்லையும் வேரோடு மேய்ந்துவிடுகின்றன. இளம் வெட்டிவேரையும் கடித்தன, ஆனால் முற்றியதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அமைப்பின் கூட்டத்தில் வரம்பு போடச் சொல்லி மேட்டுநிலக்காரருக்குக் கட்டளையிடாதீர்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள். குறுக்குழவுக்கான மேலதிகக் கூலியையும், முதல் ஆண்டு வரம்பு போடும் சிரமதானத்தையும் வயற்காரர் ஏற்றுக்கொண்டால், நான் அறிந்தவரை எவரும் மறுக்கமாட்டார்கள்.

குளத்தடி வயல்
ஒக்டோபர் 28

தாமதத்துக்கு மன்னிக்கவும், முதற் பெருமழைக்காகக் காத்திருந்தேன். மூன்று ஓடைகளில் நீர் பிடித்தோம். சோளச் சேனை (காடு வெட்டிப் பயிரிட்ட மேட்டுநிலம்) வழியாக வரும் ஓடையின் போத்தலில் மறுநாள் காலை 31 மில்லிமீற்றர் சிவந்த வண்டல் படிந்திருந்தது. மாட்டுப்பட்டிக்குப் பக்கத்து ஓடையில் 12. பாலையும் வீரையும் நிற்கும் துண்டுக்காட்டின் வழியே வரும் ஓடையில் 2 மில்லிமீற்றர்கூட இல்லை, இலைச்சருகுத் தூள் மட்டும் மிதந்தது. போத்தல்களைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தேன். மேட்டுநிலம் செய்யும் ஏழு குடும்பங்களில் ஐந்து குடும்பத்தினர் வந்திருந்தார்கள். அவர்களுள் ஒரு அம்மா முதற் போத்தலைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ரை உரமெல்லோ" என்றார். அதற்குப் பிறகு வானை உயர்த்தும் பேச்சு எழவில்லை.

இந்தப் பெரும்போகத்தில் நான்கு ஏக்கரில் மட்டும் வரம்பு போடுவதென்றும், அதற்கு வயற்காரர் ஏக்கருக்கு இரண்டு ஆள் வீதம் வேலை கொடுப்பதென்றும் தீர்மானித்தோம். மீதி மண்குவியலை அகற்றுவது பற்றி மட்டும் குழப்பம் இருக்கிறது. ஒருவர் தனது டிப்பரில் தானே ஏற்றிச் செல்வதாகச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
ஒக்டோபர் 28

அதற்கு மட்டும் உடன்பட வேண்டாம். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருவது. எனவே முதலில் கமநல சேவை நிலையத்தில் எழுத்துமூல அனுமதி பெறுங்கள். மண் ஊரைவிட்டு வெளியே போவதானால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதியும் வேண்டும். எனது விருப்பம் அந்த மண் வெளியே போகாமல் மேட்டுநிலத்துக்கே திரும்பப் போக வேண்டும் என்பது. சரளை தெரியும் இடங்களில் மெல்லியதாகப் பரப்பி, வரம்புக்கும் பயன்படுத்தலாம். துருசுக்குப் பக்கத்தில் அடிவரை காங்கிறீற்றில் ஊன்றிய இரும்புக் குழாய் ஒன்றில் அரை அடிக்கொரு கோடு வரைந்து, ஒவ்வொரு ஆவணியிலும் மண் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று அமைப்பின் பதிவேட்டில் எழுதுங்கள்.

மேட்டுநிலத்துப் பெண்
ஒக்டோபர் 30

நான்கு ஏக்கருக்கு வேண்டிய வெட்டிவேர் என்னிடம் முழுவதும் இராது, ஆனால் ஒரு வரம்புக்குப் போதுமான அளவு பிரித்துத் தரலாம். கார்த்திகை முதல் வாரத்தில் மழை விட்ட ஒரு நாளில் உழவு இயந்திரத்துடன் வாருங்கள். ஈரச் சாக்கும் நான்கைந்து எடுத்து வாருங்கள், வேர் காய்ந்துவிட்டால் பிழைக்காது.