லாவர்ட்டன் – யுலாரா: கிரேட் சென்ட்ரல் ரோட்டுக்கு நம்ம எஸ்யூவி தாங்குமா?

மல்லி_பெர்த்
ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்ட்டனிலிருந்து கிரேட் சென்ட்ரல் ரோடு வழியாக உலுரு பாறைக்கு (யுலாரா அதன் அருகிலுள்ள ஊர்), சுமார் 1,100 கி.மீ. ஆல்-வீல் டிரைவ் பெட்ரோல் எஸ்யூவி, 60 லிட்டர் டேங்க், 19 அங்குல சக்கரம், ஸ்டெப்னி மெலிந்த தற்காலிக ரகம். நாலு பேர். இது போதுமா, பெரிய 4x4 வாடகைக்கு எடுக்கணுமா?

நெடுவழி
போதும். அது மண்ணைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டிப் பராமரிக்கிற சரளைச் சாலை, சில பகுதிகளுக்குத் தாரே போட்டாச்சு. லோ-ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) போட்டு ஏற வேண்டிய மணல்மேடு வழியில் கிடையாது. மழை பெய்தால் மட்டும் நின்றுவிடுங்கள். சாலையை மூடியபின் உள்ளே போனால் அபராதம். டயரில் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. வையுங்கள், இறுக்கமாக இருந்தால் பஞ்சர் குறையும்.

செம்மண்
லோ-ரேஞ்ச் வேண்டாம் என்பது சரி. ஆனால் அந்த 40 தப்பு. காற்று இறுகிய டயர் கூரான கல்லின் மேல் வளைந்து கொடுக்காது, கல் உள்ளே இறங்கிவிடும். தகரக்கூரை மாதிரி வரிவரியாக எழும்பும் சாலையில் ஒவ்வொரு அதிர்வும் ஷாக் அப்சார்பருக்குப் போகும். அதன் எண்ணெய் சூடேறி நுரைத்தால் தணிக்கும் சக்தி போய், வண்டி வளைவில் பக்கவாட்டில் நழுவும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது 28 வைத்து, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்திய உடனே அளந்து பாருங்கள். 32-க்கு மேல் போயிருந்தால் டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது. சூட்டில் காற்றைத் திறந்துவிடாதீர்கள், இன்னும் மோசமாகும். வேகத்தைக் குறையுங்கள், மறுநாள் காலை 2 கூட்டுங்கள். 30-ஐக்கூட எட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்க இடமிருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் அந்த ஸ்டெப்னிதான். நடுப்பட்டையில் ஓட்டை விழுந்தால் ஓட்டையை அடைக்கும் பிளக் கிட் போதும், பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்ட வழியே இல்லை. மெலிந்த சக்கரத்தின் விட்டம் மற்ற மூன்றோடு ஒத்துப்போகாவிட்டால் ஆல்-வீல் டிரைவின் நடு கப்ளிங் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பாகம்) ஓயாமல் உராய்ந்து சூடாகும். அடுத்த ரோட்ஹவுஸ் (பெட்ரோல் கிடைக்கும் வழியோர நிலையம்) 200 கி.மீ. தள்ளி இருக்கும்போது அதை நம்பி எப்படிப் போவது?

நெடுவழி
காற்று விஷயத்தை ஏற்கிறேன். அதே அளவில் முழுச் சக்கரம் ஒன்றை ரிம்மோடு வாங்கிப் பின்னால் கட்டிக்கொள்ளலாமே. அதற்காக வண்டியையே மாற்றணுமா?

செம்மண்
19 அங்குலத்துக்கு வழியில் மாற்று டயர் கிடைப்பது அரிது. சரி, இரண்டு ஸ்டெப்னி என்றே வையுங்கள். ஜாக்குக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பலகை மறக்கக்கூடாது, இல்லையென்றால் ஜாக் மண்ணுக்குள் புதையும். சக்கரம் மாற்றினால் 50 கி.மீ. கழித்து நட்டை மறுபடி முடுக்குங்கள்.

கடலோடி
எரிபொருளை யாரும் தொடவில்லையே. லாவர்ட்டனிலிருந்து ஜுக்காயிர்லா ரோட்ஹவுஸ் சுமார் 300 கி.மீ., அங்கிருந்து வார்பர்ட்டன் இன்னொரு 255. முதல் பங்க் ஏதோ காரணத்தால் மூடியிருந்தால் 555 கி.மீ. ஒரே மூச்சில் ஓடணும். சரளையில் சுமையோடு 100 கி.மீ.க்கு 12 லிட்டர் என்றால் 67 லிட்டர் ஆகிறது. டேங்க் 60. ஆக, 20 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம், அதுவும் ஆட்கள் உட்காரும் கேபினுக்குள் வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேருவதாக இருந்தால் முன்னாடியே போன் போட்டுக் கேளுங்கள்.

அங்கே கிடைக்கும் பெட்ரோல் ஓபல். முகர்ந்து போதையேற்றும் பழக்கத்தைத் தடுக்க 2005-ல் பழங்குடி ஊர்களுக்குக் கொண்டுவந்த எரிபொருள், 91 ஆக்டேன். உங்கள் பெட்ரோல் மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறது?

மல்லி_பெர்த்
இப்போதுதான் திறந்து பார்த்தேன். டர்போ, குறைந்தது 95 என்று போட்டிருக்கிறது.

நெடுவழி
உங்கள் இன்ஜின் கேட்பது 95, அங்கே கிடைப்பதோ 91. அப்படியானால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன், டீசல் 4x4 எடுங்கள். வாடகை ஒப்பந்தங்கள் பலவும் தாரில்லாத சாலையை அனுமதிப்பதில்லை, அதனால் இந்தச் சாலையின் பெயரையே சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முழு அளவு ஸ்டெப்னி இரண்டு கேளுங்கள்.

செம்மண்
தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், நாலு நாளுக்கு 80. ஒரே பெரிய கேனில் வேண்டாம். அதிர்வில் ஒரு போல்ட் தலை உரசி உரசியே பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டுவிடும், காலையில் பார்த்தால் கேன் காலி. 10 லிட்டர் கேன்களாக, நடுவில் பழைய துண்டு திணித்துக் கட்டுங்கள். பெரும்பகுதியில் போன் சிக்னல் இராது. செயற்கைக்கோள் வழியாக உதவி கோரும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றைப் பதிவு செய்து கையோடு வையுங்கள். வண்டி நின்றால் அதை விட்டு நடக்காதீர்கள்.

கடலோடி
அனுமதிச் சீட்டு இரண்டு வேண்டும்: மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு ஒன்று, எல்லை தாண்டி நார்தர்ன் டெரிட்டரிக்கு இன்னொன்று. இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். மதுபானம் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது, அந்த நிலங்களில் தடை.