கெய்லி நடன மாலை: பாதிப் பேருக்கு ஸ்டெப் தெரியாது, எதில் தொடங்குவது?

மழைக்கூடு:
கால்வேயில் எங்கள் குடியிருப்போர் சங்கம் கெய்லி (எல்லாரும் சேர்ந்து ஆடும் ஐரிஷ் நாட்டுப்புற நடனம்) மாலை ஒன்று வைக்கிறது. முப்பது பேர் வருவார்கள், இரண்டு மணி நேரம், மரத்தரைக் கூடம். பாதிப் பேர் இதுவரை ஆடியதில்லை. அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களும் உண்டு, எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு. யாரும் ஓரமாக உட்கார்ந்துவிடக் கூடாது. எந்தெந்த நடனம் வைக்கலாம்?

பாதச்சுவடு:
முதலில் வால்ஸ் ஆஃப் லிமெரிக். யோசிக்கவே வேண்டாம். கூடத்தின் நீளத்துக்கு வரிசையாக, இரண்டிரண்டு ஜோடி எதிரெதிரே நிற்கும், சுற்று முடிந்ததும் அடுத்த ஜோடியிடம் போய்விடும். சில சுற்றுகளிலேயே முன்பின் தெரியாத பலரோடு கைகோத்து ஆடியாகிவிடும், தனியாக அறிமுகப் படலம் தேவைப்படாது.

ஒரு சுற்றுக்கு 32 பார் (பார் என்பது இசையின் தாள அளவு). கைகோத்து முன்னே போய்ப் பின்னே வருவது இரண்டு தடவை, 8 பார். வலப்பக்கத்தில் நிற்கும் இருவரும் பக்கவாட்டில் நகர்ந்து இடம் மாற 4, இடப்பக்கத்தவர் மாற 4. எதிரில் இருப்பவரின் வலக்கையைப் பிடித்து வெளியே போய்த் திரும்ப 8. தன் ஜோடியோடு சுழல 8.

பக்கவாட்டு ஸ்டெப் என்பது ஏழு காலடி வைத்து நகர்ந்து, நின்ற இடத்தில் மூன்று, இன்னொரு மூன்று. ஏழுக்கு 2 பார், மூன்றுக்கு ஒவ்வொரு பார். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள்! நடந்தே போகட்டும், நேரத்துக்கு அந்த இடத்தில் இருந்தால் போதும். ஸ்டெப் பயிற்சிக்கே இருபது நிமிடம் போனால் வராதவர்கள் நாற்காலிக்குப் போய்விடுவார்கள், மறுபடி எழுப்புவது கஷ்டம்.

குழப்பம் வருவது இரண்டு இடத்தில். சுழலும்போது எட்டு பாரையும் சுற்றித் தீர்த்துவிட்டுத் திசை தெரியாமல் நிற்பார்கள். ஆறாவது பாரில் பிடியை விட்டு, ஏழு எட்டில் புது ஜோடியைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். இன்னொன்று வரிசையின் முனை. எதிரே ஆள் இல்லாத ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, திரும்பி நிற்க வேண்டும். திரும்பிய பிறகும் வலப்பக்கத்தவர் வலப்பக்கமே இருக்கணும். இதை விட்டால் அடுத்த சுற்றில் இடம் மாறும்போது முட்டிக்கொள்வார்கள்.

'ஆண்கள், பெண்கள்' என்று கூப்பிட வேண்டாம். வலப்பக்கத்தவர் மணிக்கட்டில் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள், யாரும் யாரோடும் ஆடலாம்.

தென்றல்_77:
சுழற்சிக்கு ஒரு வார்த்தை. இருவர் வலப்பாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கணும், இடக்காலால் தரையைத் தள்ளணும். ஜோடியின் முகத்தைப் பார்த்தால் தலை சுற்றாது, தரையைப் பார்த்தால் சுற்றும். கட்டைவிரலை எதிராளி கையில் அழுத்தக் கூடாது, முதியவர்களுக்கு வலிக்கும். முடியாதவர்கள் முழங்கை கோத்து நடந்து சுற்றினாலே போதும்.

ரப்பர் அடியுள்ள ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அடி வாங்குவது முழங்கால். தோல் அடியுள்ள ஷூ போடச் சொல்லுங்கள். அதற்காகத் தரையில் பவுடர் தூவ வேண்டாம், வழுக்கி விழுவார்கள்.

இரண்டாவது நடனமாக சீஜ் ஆஃப் என்னிஸ் வையுங்கள். நாலு பேர் வரிசைக்கு எதிரே நாலு பேர் வரிசை. கடைசியில் ஒரு வரிசை கையைத் தூக்க, இன்னொன்று அடியில் நுழைந்து போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரண்டு வரிசையும் குனியும். மேடையைப் பார்த்து நிற்பவர்கள்தான் கை தூக்குவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பதிவு இசை என்றால் பத்து சதவீதம் வேகம் குறைத்துப் போடுங்கள். நடுவில் தேநீர் கட்டாயம்.

மழைக்கூடு:
ரொம்ப நன்றி. செட் நடனமும் சேர்க்கலாமா? கிளேர் மாவட்டத்தில் கெய்லி என்றாலே செட்தான் என்கிறார்களே?

பாதச்சுவடு:
சரிதான், அங்கே கெய்லி போஸ்டர் பார்த்துப் போனால் பெரும்பாலும் செட்தான் ஆடுவார்கள். குவாட்ரில் என்ற பிரெஞ்சு சதுர நடனத்தின் வழி வந்தது என்பதால், ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் வளர்க்க முனைந்த கேலிக் லீக் அமைப்பு அதை அந்நியமாகப் பார்த்தது. அவர்கள் 1897-இல் லண்டனில் நடத்திய முதல் கெய்லிக்குப் பிறகு வளர்ந்த, வால்ஸ் ஆஃப் லிமெரிக் போன்ற நடனங்களின் மரபு வேறு. 1935-இல் பொது நடனத்துக்கு உரிமம் கேட்கும் பொது நடனக்கூடச் சட்டம் வந்து வீட்டு நடனங்களும் ஒடுங்கின. 1980-களில்தான் செட் மறுபடி தலைதூக்கியது.

உங்கள் முதல் மாலைக்கு வேண்டாம். நான்கு ஜோடி சதுரமாக நிற்பதால் ஒருவர் தடுமாறினால் எட்டு பேரும் நிற்பார்கள். பின்னால் வைக்கும்போது புதியவர்களைப் பக்க ஜோடியாக நிறுத்துங்கள். மேடைக்கு முதுகு காட்டும் ஜோடியும் அதன் எதிர் ஜோடியும்தான் முதலில் ஆடும், பக்க ஜோடியில் நிற்கும் புதியவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு ஆடலாம்.