கூலன்ட் மாதம் அரை லிட்டர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை

கேள்வி:
பெட்ரோல் கார், 85,000 கி.மீ. ஓடியது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாதம் அரை லிட்டர் இறங்குகிறது. நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் நடுவில்தான் நிற்கிறது. அவ்வப்போது ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா? லீக்கை அடைக்கும் பவுடர் போட்டால் போதுமா?

பதில் 1:
ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள். மூடிய சிஸ்டத்தில் இவ்வளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். சூடான இன்ஜின் மேல் விழும் துளி அங்கேயே காய்ந்துவிடுவதால் தரைக்கு வராது, கறை மட்டும் மிஞ்சும். காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். கூலன்ட் நிறத்தில் உப்புப் பூத்தது போல இருந்தால் கசிவு அங்கேதான். முன்சீட்டுக் கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள். ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் கசிவு ஹீட்டர் கோரில், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரில்.

முள்ளை நம்பி இருக்க வேண்டாம். பல வண்டிகளில் சூடு ஓரளவு ஏறினாலும் அது நடுவிலேயே நிற்கும். கூலன்ட் மிகவும் இறங்கி சென்சார் காற்றில் நின்றால் சரியான சூட்டைக் காட்டாமலும் போகும்.

பதில் 2:
கண்ணுக்குப் படாவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று அழுத்த அளவு ‘பார்’ (bar) கணக்கில் அச்சிட்டிருக்கும். ஆறிய இன்ஜினில் அந்த அளவுக்கு மட்டும் கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விட வேண்டும். பம்ப்பின் அழுத்த முள் இறங்கினால் கசிவு உண்டு. மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்து ஓவர்ஃப்ளோ வழியாக வெளியேறும். மூடி மாற்றுவது மிகச் சின்ன வேலை. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பதில் 3:
வெளியே எதுவும் அகப்படாவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, டேங்கில் விடாமல் குமிழி வருவது, இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது இதெல்லாம் அடையாளம். உறுதி செய்ய பிளாக் டெஸ்டர் உண்டு. டேங்கின் காற்றில் எரிந்த வாயு கலந்திருந்தால் அதன் நீலத் திரவம் மஞ்சளாகும்.

பவுடர் வேண்டவே வேண்டாம். ஓட்டையை அடைப்பதோடு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும்.

கேட்டவர்:
வாட்டர் பம்ப் அடியில் சின்ன துளை, அதிலிருந்து கீழே இளஞ்சிவப்புக் கோடு காய்ந்திருக்கிறது.

பதில் 1:
அது வீப் ஹோல். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறத்தான் அந்தத் துளை. எம்சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள், பம்ப்பையே மாற்றுங்கள். உங்கள் இன்ஜினில் பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றுகிறது என்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டையும் கூடவே மாற்றிவிடுங்கள், பிரிக்கும் கூலி ஒரே தடவைதான். பிறகு மேனுவலில் சொன்ன வகைக் கூலன்டை டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, கூலன்ட் சிஸ்டத்தில் சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆறியதும் அளவைத் திரும்பப் பாருங்கள், முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் இறங்கும்.