குட்டி டரான்டுலாவுக்குக் குண்டு பல்பா?

சூரமங்கலத்தான்:
ஏற்காட்டுத் தம்பி ஒருவர் நேற்று கேட்டிருந்தார்: மெக்சிகன் ரெட்நீ என்கிற டரான்டுலாச் சிலந்திக் குட்டி வாங்கி 12 நாளாகிறது, ஒரு வாய்கூடத் தின்னவில்லை, என்ன செய்வது? அதற்கு மலைக்காப்பி சொன்ன வைத்தியம்: "டப்பாவுக்கு மேலே 40 வாட்ஸ் குண்டு பல்பு தொங்கவிடுங்கள், ராத்திரியே தின்னும்." இது சிலந்தியா, கோழிக்குஞ்சா? மேலே சூடு அடித்தால் சிலந்தி மண்ணுக்குள் இன்னும் கீழேதான் போகும். நகத்தளவு குட்டி. பல்புக்கு அடியில் கோகோபீட், அதாவது டப்பாவில் போட்ட தேங்காய் நார்த்தூள், ஒரே ராத்திரியில் வறண்டுவிடும். பசியைத் தாங்குகிற குட்டி தாகத்தில் செத்துப்போகும். டப்பாவில் குலுங்கிக் குலுங்கி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறது, நமக்கே வாந்தி வருகிற ரோடு. இரண்டு வாரம் சும்மா விடுங்கள்.

மலைக்காப்பி:
ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். இங்கே ஜனவரி ராத்திரி 13 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் எந்தப் பூச்சியும் சுருண்டுதான் கிடக்கும், எப்படித் தின்னும்? என் வீட்டில் பல்பு போட்டேன். தின்றது. அவ்வளவுதான்.

சூரமங்கலத்தான்:
சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது, சரி. குளிர் என்றால் ஜன்னலோரத்திலிருந்து டப்பாவை நகர்த்துங்கள், தெர்மகோல் பெட்டிக்குள் வையுங்கள். பல்பு எதற்கு?

அம்மாபேட்டை அக்கா:
சண்டை இருக்கட்டும். தம்பி, வயிறு எப்படி இருக்கிறது?

புதுசு:
மிளகு மாதிரி உருண்டையாக இருக்கிறது அக்கா. பின்பக்கம் கறுத்துப் பளபளக்கிறது. வளை வாயை நூல் கட்டி, மண் தள்ளி அடைத்துவிட்டது. தீனிக்கு உள்ளே விட்ட கிரிக்கெட் பூச்சி மூன்று நாளாக அந்த மண்மேலேயே உலாத்துகிறது.

அம்மாபேட்டை அக்கா:
தோல் உரிக்கப் போகிறது! முதலில் அந்த கிரிக்கெட்டை வெளியே எடு. உரிக்கிற நேரத்தில் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், கிரிக்கெட்டே அதைக் கடித்துவிடும். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று திருப்பிப் போடாதே, அப்படித்தான் உரிக்கும். வளையைத் தோண்டிப் பார்க்காதே. ஒரு ஓரத்தில் மட்டும் ஈரம் இருக்கட்டும். உரித்து ஒரு வாரம் கழித்து, பல் நன்றாகக் கறுத்த பிறகு, தலை நசுக்கிய சின்ன கிரிக்கெட் ஒன்று போடு.

மலைக்காப்பி:
அக்கா சொன்னது சரி. உரிக்கவும் சூடு வேண்டுமே? அதற்குத்தான் பல்பு.

சூரமங்கலத்தான்:
திரும்பவும் பல்பு! போன வருஷம் இதே ஆள்தான் மீன் தொட்டிக்குள் ஹீட்டரைப் போடச் சொன்னார். யாருடைய கப்பி எல்லாம் வெந்தது என்று சொல்லட்டுமா?

மலைக்காப்பி:
அது தெர்மோஸ்டாட் கோளாறு. அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்?

காட்டுவாசி:
ஒரு கேள்வி. ரெட்நீ, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருக்கிற இனம். அதை வளர்ப்பதை 2024 விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாயிற்றா? மெக்சிகோவிலிருந்து இறக்குமதி செய்கிறவர்களுக்கு நம் ஊர்ச் சிலந்தி தெரியுமா? பொய்சிலோதீரியா ஃபார்மோசா. 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயர் வைத்தது, ஆங்கிலத்தில் சேலம் ஆர்னமென்டல் என்றே பெயர். மரப்பொந்தில் இருக்கும், பொந்துள்ள மரத்தை வெட்டினால் வீடு போச்சு.

மலைக்காப்பி:
எங்கள் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கில் நிறைய இருக்கிறது. உள்ளங்கை அகலம்.

காட்டுவாசி:
சில்வர் ஓக்கில் நிறையவா? நீங்கள் பார்த்தது சுவரில் ஓடுகிற வீட்டுச் சிலந்தியாக இருக்கும்.

மலைக்காப்பி:
பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறேன். சிலந்தி எது என்று எனக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

சூரமங்கலத்தான்:
பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறவருக்கு 13 டிகிரிக்கே பல்பு கேட்கிறது. சிலந்தி பாவம் வாய் திறந்து கேட்கவே இல்லை.

அம்மாபேட்டை அக்கா:
தம்பி, கிரிக்கெட்டை எடுத்தாயா இல்லையா?

புதுசு:
எடுத்துவிட்டேன் அக்கா. பதிவு பற்றிக் கடைக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை, நாளைக்குப் போய் பில் கேட்கிறேன். அப்புறம், பல்பு நேற்றே வாங்கிவிட்டேன். ஹோல்டர்தான் கிடைக்கவில்லை.

சூரமங்கலத்தான்:
ஹோல்டர் கடை ஒரு மாதம் பூட்டிக் கிடக்கட்டும்.

மலைக்காப்பி:
என்னிடம் பழைய ஹோல்டர் ஒன்று இருக்கிறது தம்பி. ஏரிப் பக்கம் வந்தால் தருகிறேன். 40 பயமாக இருந்தால் 25 போடு.

சூரமங்கலத்தான்:
25ஆ? நேற்று 40தானே?